கல்லூரி வானொலியில் நான்கு நிமிடத்தை வெட்டச் சொல்கிறார்கள். அந்தப் பெண்களின் குரலை எங்கே கொண்டுபோவது?

கேள்வி: கோரையாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திருவாரூர் மாவட்டத்தில் கோரையாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. கோயில் நிலம் இரண்டு ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறார். கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

எங்கள் கல்லூரியில் 90.4 அலைவரிசையில் சமுதாய வானொலி நடக்கிறது. சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் ‘களத்துமேடு’ என்ற நிகழ்ச்சியை நானும் தோழிகள் மூவரும் ஒன்றரை ஆண்டாகச் செய்துவந்தோம். நடவுப் பாட்டு, பாம்புக்கடிக்கு முதலுதவி, எலி ஒழிப்பு, நூறு நாள் வேலைக்குச் செல்பவர்களின் கதை என்று எதைச் செய்தாலும் பாராட்டினார்கள். எங்கள் ஊர் வானொலிக் கோபுரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். அம்மா சமையலறையில் கேட்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி நான் பேசி முடித்ததும் வாசலுக்கு வந்து, ‘இன்றைக்கு வேகமாகப் பேசிவிட்டாய்’ என்பார்.

இந்த ஐப்பசியில் எங்கள் பக்கத்து நிலவரம் டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குறுவையை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் வரிசை. வரிசையில் நிற்கும்போதே மழை. ஒரு நிலையத்தின் முன்னால் சாலையோரமாகக் குவியல் குவியலாக நெல், மேலே தார்ப்பாய், பக்கத்தில் குடையோடு மனிதர்கள். கைபேசியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். காற்று இரைச்சல் விழாமல் இருக்க ஒலிவாங்கியின் மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். மூன்று பெண்கள் பேசினார்கள்.

ஒரு அக்கா சொன்னதை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. “பதினோரு நாளாக நெல்லோடு படுத்திருக்கிறேன். காலையில் ஈரப்பத மானியை வைத்தால் பதினேழு சதவீதம் என்கிறது. ஒரு தூறல் விழுந்தால் இருபது என்கிறது. நெல் என்ன, என் பேச்சையா கேட்கும்?” இன்னொருவர், சிப்பத்துக்கு, அதாவது ஒரு மூட்டைக்கு, இவ்வளவு என்று கையில் வைத்தால் அதே மானி கண்ணை மூடிக்கொள்கிறது என்றார். மூன்றாமவர் அங்கே மூட்டை தூக்குபவரின் மனைவி. அவரும் குத்தகைக்குக் கொஞ்சம் சாகுபடி செய்கிறார். “என் வீட்டுக்காரருக்கு ஒழுங்கான கூலி கிடைத்தால் இன்னொரு விவசாயியிடம் ஏன் கை நீட்டப்போகிறார்?” என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த நிகழ்ச்சி ஒலிபரப்பாக வேண்டும் என்று நினைத்தேன்.

ஒலிபரப்புக்கு முந்தின நாள் கல்லூரி வானொலிப் பொறுப்பாளர்கள் என்னை அழைத்து நான்கு நிமிடத்தை வெட்டச் சொன்னார்கள். இது செய்தியாம், சமுதாய வானொலியில் செய்திக்கு இடமில்லையாம். அந்த நான்கு நிமிடத்தில்தான் மூன்று பெண்களும் இருக்கிறார்கள். வெட்டினால் மிஞ்சுவது என் முன்னுரையும் ஒரு தெம்மாங்கும். நான் மறுத்துவிட்டேன். சனிக்கிழமை எங்கள் நேரத்தில் பழைய சமையல் குறிப்பு ஒலித்தது. அதன்பிறகு ‘களத்துமேடு’ வரவே இல்லை.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். அவர்கள் சொல்வது போலச் சட்டத்தில் உண்மையிலேயே தடை இருக்கிறதா? மாணவர்களே சொந்தமாக ஒரு வானொலி நடத்த வழி உண்டா? மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்த அக்கா கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், ‘எங்கள் பேச்சு எப்போது வரும் பாப்பா?’ என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?

---

பதில்: வடவாற்றுப் பழைய மாணவன்

தங்கைக்கு வணக்கம். நானும் ஒரு காலத்தில் கல்லூரி வானொலியில் இரவு பகலாகக் கிடந்தவன். இன்று தஞ்சாவூரில் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிறேன். வானொலிப் பித்து மட்டும் போகவில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். தடை இருக்கிறது. அவர்கள் சொன்ன அளவுக்கு இல்லை.

அலைவரிசை என்பது பொதுச் சொத்து, அரசின் தனியுடைமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் இழுத்து, 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. நாட்டிலேயே முதல் வளாக சமுதாய வானொலி அதுதான். தமிழ்நாட்டிலிருந்து தொடங்கியது என்பதில் எனக்கு இன்றும் பெருமை. 2006 நவம்பரில் தொண்டு அமைப்புகளுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் அனுமதி வந்தது.

செய்தியும் நடப்பு அரசியலும் கூடாது என்ற நிபந்தனை எல்லா அனுமதிகளிலும் உண்டு. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாமே தவிர, நாமாகச் செய்தி தயாரிக்க முடியாது. இந்தத் தடையை எதிர்த்து 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுவும் போடப்பட்டது. கிராமத்தில் கைபேசி வைத்திருக்கும் எவரும் உலகச் செய்தியைப் படிக்கலாம், தன் வாய்க்காலைப் பற்றித் தன் வானொலியில் பேசக்கூடாது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

ஆனால் கவனி. செய்தியாகக் கருதப்படாதவை என்று ஒரு பட்டியலும் உண்டு. வானிலை, தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர் போன்ற பொதுச் சேவைகள் பற்றிய அறிவிப்பு, இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை. இதில் சிலவற்றை உள்ளூர் அரசு நிர்வாகம் தரும் தகவலின்படிதான் சொல்லலாம். அந்த அக்கா சொன்னது நடப்பு அரசியலா, தன் உழைப்பைப் பற்றிய அனுபவமா? அனுபவம் என்றுதான் நான் வாதிடுவேன். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. ‘சிப்பத்துக்கு இவ்வளவு’ என்ற இடம்தான் சிக்கல். அங்கே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. எதிர்த் தரப்பையும் கேட்டாயா என்று யாரும் உன்னைக் கேட்கலாம். கேட்டிருந்தால் உன் கை வலுத்திருக்கும். இதை அண்ணன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இன்னொன்றும் மனத்தில் வை. அனுமதி கல்லூரியின் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயரில் இல்லை. நிபந்தனை மீறினால் கோபுரத்தை இழப்பது அவர்கள். அந்த அச்சத்தில் பாதி நியாயமானது, பாதி சௌகரியமானது.

இரண்டாவது கேள்விக்கு: ஆர்வத்தில் யாராவது சின்னதாக ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்து தருகிறேன் என்றால் வாங்கிவிடாதே. பீகாரில் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூரில் ராகவ் என்ற இளைஞர் ஐம்பது ரூபாய்ச் செலவில் டிரான்ஸ்மிட்டர் செய்து, மூங்கில் கம்பத்தில் ஆன்டெனா கட்டி வானொலி நடத்தினார். ஊரே கொண்டாடியது. 2006-இல் அனுமதி இல்லை என்று மூடிவிட்டார்கள். முறைப்படி போவதென்றால் விண்ணப்பிக்கும் அமைப்பு பதிவு செய்து மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்னூர் கிராமத்தில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி 2008 அக்டோபர் 15 அன்று அப்படித்தான் வந்தது. அவர்களுக்குப் பின்னால் பல ஆண்டு வேலை செய்த பெண்கள் சங்கங்கள் இருந்தன. வானொலி கடைசியாகத்தான் வந்தது. உங்கள் ஒன்றியத்தில் பழைய மகளிர் கூட்டமைப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்.

---

பதில்: கடைமடை, தலைஞாயிறு

படிப்பு குறைந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, நீ செய்தது நல்ல காரியம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லாமல் ஒலிபரப்பினால் அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா? எட்டு கிலோமீட்டர் சுற்றளவில் குரல்தான் முகம். எங்கள் ஊரில் இருட்டில் வரப்பில் ஒருவர் இருமினால் யார் என்று சொல்லிவிடுவோம். பதினோரு நாள் காத்திருந்த பெண் அடுத்த போகத்துக்கும் அதே நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே அதே ஆட்கள்தான் இருப்பார்கள். அடுத்த முறை இருபது நாள் காக்கவைத்தால் நீ பக்கத்தில் இருப்பாயா? படிப்பு முடிந்து வேலைக்குப் போயிருப்பாய். மூட்டை தூக்குபவரின் மனைவி பேசினார் என்றாயே, அவர் வீட்டுக்காரருக்கு மறுநாள் வேலை கொடுப்பார்களா?

நிறுத்தச் சொல்லவில்லை. போட்டுக் காட்டிக் கேள். ‘இதுதான் வரப்போகிறது, இப்படியே விடலாமா?’ என்று அவர்கள் காதாலேயே கேட்கவை. சம்மதம் கொடுத்த நாளில் நெல் நனைந்த கோபம் இருந்திருக்கும். இப்போது என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு.

வானொலி வேண்டும் என்று நானும் சொல்கிறேன், வேறு காரணத்துக்காக. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. விடிந்து பார்த்தால் தென்னை இல்லை, கூரை இல்லை, மின்கம்பம் இல்லை, செல்போன் கோபுரமும் பேசவில்லை. வாரக்கணக்கில் இருட்டு. என் அப்பா வைத்திருந்த பழைய பேட்டரி ரேடியோ ஒன்றுதான் பேசியது. தெருவே எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. காரைக்கால் வானொலியும் திருச்சி வானொலியும் பொதுவாகச் சொன்னார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள், எந்தச் சாலையில் மரம் கிடக்கிறது என்று எங்கள் ஊருக்கென்று சொல்ல யாரும் இல்லை. அன்றைக்கு உன்னைப் போல ஒரு பிள்ளை பத்து கிலோமீட்டருக்குப் பேசியிருந்தால் எத்தனை பேர் அலையாமல் இருந்திருப்பார்கள்!

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். 2024-இல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறக்கவில்லை, ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அணை திறந்தது எல்லாருக்கும் தெரியும். கல்லணை வந்து, வெண்ணாறு வந்து, எங்கள் தலைப்பு வாய்க்காலில் முறை எப்போது, எத்தனை நாள் என்பது மட்டும் தெரியாது. வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிடும் லஸ்கரைத் தேடிக்கொண்டு சைக்கிளில் சுற்ற வேண்டும். நாற்றங்காலில் விதை விடுவதா, நேரடி விதைப்பா என்பது அந்த ஒரு தகவலில் இருக்கிறது. அதை நாள் தவறாமல் சொல்லு. சொல்லிப் பழக்கினால், சொன்ன நாளில் தண்ணீர் வராதபோது ஊரே கேள்வி கேட்கும். நீ கேட்க வேண்டியதில்லை.

---

பதில்: பிரிஸ்பேன்வாசி, சொந்த ஊர் பாபநாசம்

இங்கே ஆஸ்திரேலியாவில் என் வீட்டுச் சமையலறையில் தினமும் ஓடுவது ஃபோர் ட்ரிபிள் ஸெட் என்ற வானொலி நிலையம். 1975 டிசம்பர் 8 அன்று குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்தில் தொடங்கியது. அப்போது மாநில முதல்வராக இருந்தவர் ஜோ பியல்கி பீட்டர்சன். 1977-இல் அவருடைய அரசு தெருவில் ஊர்வலம் போவதையே தடுத்தது. மற்றவர்கள் தயங்கிய நேரத்தில் இந்த மாணவர்கள் ஊர்வலத்தைப் பற்றியும் கைதுகளைப் பற்றியும் பேசினார்கள்.

உங்களுக்குச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 1988 டிசம்பரில் அவர்களை வெளியேற்றியது அரசு அல்ல, அதே மாணவர் சங்கம். சங்கத் தேர்தலில் வேறு அணி வென்று, நிலையத்தைக் கட்டடத்தை விட்டே அனுப்பியது. அதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. ஏனென்றால் தொடக்கத்திலிருந்தே சந்தா கட்டும் கேட்பவர்கள் இருந்தார்கள். வேறு இடம் தேடினார்கள். சில ஆண்டுகளில் ஃபார்ட்டிட்யூட் வேலி பகுதியில் சொந்தக் கட்டடமே வாங்கிவிட்டார்கள். நானும் இப்போது சந்தாதாரர்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். நிலையத்து மாணவர்கள் 2024 ஏப்ரல் 30 இரவு வளாகத்துக்குள் காவல்துறை நுழைந்ததை நேரலையாகச் சொன்னார்கள். வெளியிலிருந்த செய்தியாளர்களால் உள்ளே போக முடியாத நேரம். கேட்க வந்த கூட்டத்தில் அவர்களுடைய இணையதளமே திணறியது.

இந்த நாடுகளில் சட்டம் வேறு, இந்தியாவில் வேறு என்பது தெரியும். நம் ஊரில் இவர்களைப் போலச் செய்தி சொல்ல முடியாது. கேட்பவர்களைச் சேர்த்து வைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லையே. உங்கள் நிகழ்ச்சி நின்றபோது எத்தனை பேர் ‘ஏன் வரவில்லை?’ என்று கல்லூரிக்கு எழுதினார்கள்? ஒருவராவது?

---

பதில்: பாம்பன் மருமகள்

நீடாமங்கலத்தில் பிறந்து, பாம்பனில் வாழ்க்கைப்பட்டவள். இங்கே மீனவர்களுக்கென்று கடல் ஓசை 90.4 இருக்கிறது, 2016 முதல். காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்வார்கள். கடலுக்குப் போன வீட்டில் அந்தக் குரலுக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் கிடையாது. தலைஞாயிறு அண்ணன் சொல்வது முழுக்கச் சரி.

---

கோரையாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. இடையில் தேர்வு. தாளடி நடவும் வந்தது.

தலைஞாயிறு ஐயாவின் பதிலைப் படித்த இரவு எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் காலையில் அவர் சொன்னபடியே செய்தேன். மூன்று பேர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்ப் பதிவைப் போட்டுக் காட்டினேன். சிப்பத்துக்குப் பணம் என்று சொன்ன அக்கா முழுதாகக் கேட்டார். இரண்டாவது முறை போடச் சொன்னார். பிறகு, “இது வேண்டாம் பாப்பா. என் பிள்ளை அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறான்” என்றார். அவர் முன்னாலேயே அழித்துவிட்டேன். அழித்த பிறகுதான் எனக்குத் தேநீர் போட்டார். அவரிடம் முதலிலேயே இப்படிக் கேட்கவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினோரு நாள் அக்கா, “என் குரலை யார் கேட்டால் என்ன? நெல் முளைத்ததை ஊரே பார்த்ததுதானே” என்றார். மூட்டை தூக்குபவரின் மனைவி, கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மறுநாள் அவர் கணவரே என்னைத் தேடி வந்தார். தன் கூலி எவ்வளவு, அது எப்போது வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்று தானே பேசிப் பதிவு செய்யச் சொன்னார். வடவாற்று அண்ணன் கேட்ட எதிர்த் தரப்பு இப்படிக் கிடைத்தது. நிலையத்தின் எழுத்தரிடமும் போனேன். பேச மறுத்துவிட்டார். மறுத்தார் என்பதையும் நிகழ்ச்சியில் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அது பதினெட்டு நிமிடம். கோபுரம் இல்லாமல் எப்படி என்று யோசித்தபோது அம்மாதான் வழி சொன்னார். நடவு வயலில் மெமரி கார்டு போட்ட சின்ன ஸ்பீக்கரில் நாள் முழுவதும் பாட்டு ஓடுகிறதே, அதில் போடு என்றார். ஒன்றரை ஆண்டு வானொலியில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக் கஞ்சிக்குப் பெண்கள் வரப்பேறியபோது போட்டோம். இருபத்துமூன்று பேர். பதினோரு நாள் அக்கா நாற்றுமுடியை மடியில் வைத்துக்கொண்டு தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். ‘நெல் என்ன, என் பேச்சையா கேட்கும்’ என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பாபநாசத்து அண்ணனின் கேள்வி குத்தியது. கல்லூரிக்கு எழுதியவர்கள் யாரும் இல்லை. எழுதலாம் என்றே அவர்களுக்குத் தெரியாது. அன்று வயலில் சொன்னேன். பதினான்கு பேர் ஒரு தாளில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். ‘களத்துமேடு மீண்டும் வர வேண்டும். அதில் வாய்க்கால் முறை விவரமும் மின்தடை அறிவிப்பும் சொல்ல வேண்டும்’ என்ற இரண்டே வரி. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. அந்தத் தண்ணீர் அறிவிப்புக்காகவாவது திரும்ப உள்ளே போக நான் தயாராக இருக்கிறேன். வெட்டிய நான்கு நிமிடத்துக்கு வயல் இருக்கிறது.

பக்கத்து ஊர் நடவு ஆட்கள் நாளைக்கு எங்கள் வயலுக்கு வருகிறார்கள். நூறு நாள் வேலைக் கூலி வந்து சேராததைப் பற்றிப் பேச வேண்டும் என்று இரண்டு பேர் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த முறை பதிவு செய்வதற்கு முன்னாலேயே கேட்கப்போகிறேன், பேசி முடித்ததும் போட்டுக் காட்டப்போகிறேன். வீட்டில் யாரிடமாவது பழைய மெமரி கார்டு சும்மா கிடந்தால் சொல்லுங்கள், மன்னார்குடி பேருந்து நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். எட்டு ஜிபி போதும்.